ரவுண்டானாவின் கொள்ளளவு: கணக்கும் களமும்

விருத்தாசலம் பாலக்கரை போன்ற ஒரு ரவுண்டானா மணிக்கு எத்தனை வண்டிகளைத் தாங்கும்? சிக்னல் போதுமா, சாலையை அகலப்படுத்திக் கடைகளை இடிக்க வேண்டுமா, மேம்பாலம் கட்ட வேண்டுமா என்பதெல்லாம் இந்த விடையைப் பொறுத்தது. கடலூர் மாவட்டத்தின் மங்களூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கும் மருத்துவத்துக்கும் விருத்தாசலம் வந்துபோவோரின் நேரமும் அதில் அடங்கியிருக்கிறது. எனவே அந்தக் கணக்கை உரசிப் பார்ப்பது அவசியம்.

இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1976இல் வெளியிட்ட 65ஆம் எண் நெறிமுறை, பிரிட்டனின் வார்ட்ராப் 1957இல் தந்த சூத்திரத்தைப் பின்பற்றியது. இரண்டு சாலைகளுக்கு இடைப்பட்ட வளைவில் வண்டிகள் ஒன்றையொன்று ஊடுருவித் தடம் மாறுகின்றன. அந்தப் பின்னல் பகுதியின் தாங்குதிறனே ரவுண்டானாவின் தாங்குதிறன் என்பது அதன் அடிப்படை. பின்னல் பகுதியின் அகலம் 12 மீட்டர், நீளம் 48 மீட்டர், நுழைவாயின் சராசரி அகலம் 9 மீட்டர், தடம் மாறுவோர் முக்கால் பங்கு என்றால், மணிக்கு 3,528 கார் அலகுகள் (எல்லா வண்டிகளையும் கார்களுக்கு ஈடாக மாற்றிய எண்ணிக்கை) என்று விடை வரும். அளவு நாடாவும் ஒருநாள் வண்டிக் கணக்கெடுப்பும் போதும். எந்த வளைவு முதலில் திணறும், எதை அகலப்படுத்தலாம் என்று இளம் பொறியாளரும் சொல்லிவிடலாம். இந்த எளிமை பெரிய பலம்.

குறைகளும் பெரியவை. அந்த நெறிமுறையில் பேருந்துக்கும் லாரிக்கும் 2.8 அலகு, பைக்குக்கு 0.75. இரண்டாயிரம் பைக்குகள் 1,500 அலகுகளாகிவிடும். சந்து கிடைத்தால் நுழைந்துவிடும் பைக்குக்கு 0.3 என்று வைத்தால் 600தான். இந்த 900 அலகு வேறுபாடு மேற்சொன்ன கொள்ளளவில் கால் பங்கு! மேலும், சுற்றிவரும் வண்டிக்கே முன்னுரிமை என்ற விதியைப் பிரிட்டன் 1966இலேயே கொண்டுவந்தது. நுழைபவர் காத்திருக்கத் தொடங்கியதும் பின்னல் என்ற அடிப்படையே ஆட்டம் கண்டது. பத்தாண்டு கழித்தும் நாம் அந்தப் பின்னல் சூத்திரத்தையே ஏற்றோம்.

2017இல் மத்தியச் சாலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய இந்திய நெடுஞ்சாலைக் கொள்ளளவுக் கையேடு வேறு வழியில் சென்றது. சுற்றிவரும் வண்டிகளுக்கு நடுவே எத்தனை நொடி இடைவெளி கிடைத்தால் ஓட்டுநர் நுழைகிறார், அடுத்தவர் எவ்வளவு நேரத்தில் பின்தொடர்கிறார் என்பவையே அதன் அளவுகோல்கள். நம் ஓட்டுநர்களின் நடத்தையைக் கணக்கில் சேர்த்தது நல்ல முன்னேற்றம். ஆனால் இடைவெளிக் கணக்கு, நுழைபவர் காத்திருப்பார் என்று நம்புகிறது. இங்கே பேருந்து மூக்கை நுழைத்தால் சுற்றிவருபவர்தான் நிற்கிறார். வெளியேறும் வாயிலில் ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றினால் வட்டமே பூட்டிக்கொள்கிறது. மாசிமகக் கூட்டத்தையும் கரும்பு டிராக்டரையும் சாதாரண நாளின் கணக்கெடுப்பு காட்டாது.

என் முடிவு இது: பழைய சூத்திரத்தை முதல்கட்ட மதிப்பீட்டோடு நிறுத்திக்கொள்ளலாம், இறுதி முடிவுக்கு இடைவெளி முறையே ஏற்றது. அதற்கான நொடிகளை அந்தந்த ஊரிலேயே வீடியோ எடுத்து அளக்க வேண்டும். வாயிலை அடைக்கும் நிறுத்தங்களை அகற்றி, முன்னுரிமை விதியை நடைமுறைப்படுத்திய பிறகு மீண்டும் அளக்க வேண்டும். அதற்கு முன் மேம்பாலத்துக்கோ இடிப்புக்கோ நெடுஞ்சாலைத் துறை கையெழுத்திடக் கூடாது.