வரமும் அங்கமும்: மட்டக்களப்புத் திருச்சபைகளை முன்வைத்து ஒரு சொல்லாய்வு

தமிழ் மொழிபெயர்ப்பிலக்கியத்தை ஆராய்வோர் விவிலியத்தின் பக்கம் திரும்பும்பொழுது பெரும்பாலும் அதன் அச்சு வரலாற்றோடு நின்றுவிடுகின்றனர். சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1714-15 இல் தரங்கம்பாடியில் அச்சேறியமை, பபிரிசியுசின் மொழிபெயர்ப்பு, பேர்சிவல் பாதிரியாரோடு ஆறுமுக நாவலர் உடனிருந்து உழைத்த யாழ்ப்பாணப் பதிப்பு என்ற வரிசை நமக்கு மனப்பாடம். மொழிபெயர்க்கப்பட்ட ஒரு சொல் மக்களிடையே சென்று என்ன செய்தது என்ற வினாவோ அரிதாகவே எழுப்பப்படுகின்றது. 'வரம்' என்னும் சொல்லை எடுத்து, மட்டக்களப்பு வாவிக் கரையிலுள்ள திருச்சபைகளின் வாழ்வோடு பொருத்தி அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் பன்னிரண்டாம் அதிகாரமே இங்கு நமக்கு வேண்டிய பகுதி. கொரிந்து ஒரு துறைமுகப் பட்டினம். வணிகரும் கைவினைஞரும் அடிமைகளும் கலந்திருந்த அதன் சிறு சபையிலே, யாருக்குப் பெரிய ஆற்றல் அருளப்பட்டுள்ளது என்ற பூசல் எழுந்தது. பிறர்க்கு விளங்காத மொழியிற் பரவசத்தோடு பேசுவோர் ஏனையோரைத் தாழ்வாக நோக்கினர் போலும். கி.பி. 50களின் நடுவில் பவுல் எழுதிய மறுமொழியின் சாரம் இது: ஆற்றல்கள் பல, அருள்பவர் ஒருவர்; அவை தனியொருவரின் சிறப்புக்காக அன்றி எல்லோரின் நன்மைக்காக வழங்கப்பட்டவை; சபை ஓர் உடல், ஒவ்வொருவரும் அதன் உறுப்பு. சமய நம்பிக்கை எதுவாயினும் சமுதாய நோக்குடைய எவரும் வாசிக்கத்தக்க பகுதி இது.

மூலமொழியாகிய கிரேக்கத்தில் பவுல் கையாளும் சொல் 'காரிஸ்மா' என்பதாகும். அருள் எனப் பொருள்படும் 'காரிஸ்' என்பதிலிருந்து பிறந்த அச்சொல், தகுதி பாராமல் இலவசமாகக் கிடைத்ததைக் குறிக்கும். கவனிக்கவேண்டிய ஒன்றுண்டு. அதிகாரத்தின் முதல் வசனத்திலே இச்சொல் இல்லை. 'ஆவிக்குரியவை' என்னும் பொருளுடைய வேறொரு சொல்லே உள்ளது. கொரிந்தியர் தமது பெருமைக்குப் பயன்படுத்திய சொல் அதுவாக இருக்கலாமென்றும், பவுல் அதனைத் தொட்டுக் காட்டிவிட்டு நான்காம் வசனத்தில் அருளைக் குறிக்கும் சொல்லுக்கு வேண்டுமென்றே மாறுகின்றார் என்றும் உரையாசிரியர் பலர் கருதுவர். 19 ஆம் நூற்றாண்டில் உருவாகி, இன்றும் சீர்திருத்தச் சபைகளிற் பெருவழக்காயுள்ள தமிழ்ப் பதிப்போ ஈரிடத்தும் 'வரம்' என்றே பெயர்த்துள்ளது. பவுலின் திருப்பம் அங்கே மறைந்துவிடுகின்றது.

திருப்பம் மறைந்ததோடு குறை முடியவில்லை. வரம் என்றதும் தமிழன் உள்ளத்தில் எழும் காட்சி யாது? ஐந்தீ நடுவே நின்று தவஞ் செய்யும் இரணியன், தலைகளை அரிந்து வேள்வியிலிட்ட இராவணன், கந்தபுராணத்துச் சூரபன்மன். வடமொழியில் இச்சொல்லின் வேர் 'தெரிந்தெடுத்தல்' என்பதாகும். இன்ன வேளையில், இன்ன கருவியால், இன்னாரால் எனக்குச் சாவு வரலாகாது என்று கேட்பவனே நிபந்தனைகளைத் தெரிந்தெடுக்கின்றான். கொடுப்பவர் கட்டுப்படுகின்றார். பெற்றபின் வரம் அவனுடைய உடைமை. ஏனையோரின் மேல் அவனுக்குள்ள ஆதிக்கம். பவுல் கூறுவது இதற்கு நேர் எதிரானது. அங்கே தெரிந்தெடுப்பவர் ஆவியானவர். பெறுபவர் தவமும் செய்யவில்லை, நிபந்தனையும் விதிக்கவில்லை. ஆகவே 'வரம்' என்ற சொல், செயலின் திசையையே மாற்றிவிடுகின்றது எனலாம்.

மொழிபெயர்த்தோரை இதன் பொருட்டு முற்றாகக் குறை கூறுவதும் நியாயமாகாது. அம்மன் கோயில்களில் மட்டுமன்றி, ஆயித்தியமலைச் சதா சகாய மாதா திருத்தலத்திலும் எளிய மக்கள் வரம் கேட்டு நேர்த்தி வைக்கின்றனர். மக்கள் நாவில் உயிரோடிருந்த சொல்லையே அவர்கள் எடுத்தாண்டனர். ஆயினும் மாணிக்கவாசகரின் மொழியில் 'அருள்' என்ற சொல் ஆயிரம் ஆண்டுகளாகக் காத்திருந்தது. 1995 இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு 'அருள்கொடை' என்று பெயர்த்தமை அவ்வகையிற் போற்றத்தக்கது. 'பாஷைகள்' என்று முன்பு வழங்கியதனை 'பரவசப் பேச்சு' ஆக்கியமையும் தெளிவு தருவதே. ஆனால் பதிப்புகள் மாறும் வேகத்தில் வழக்கு மாறுவதில்லை. சிறப்புக் கூட்டங்களுக்கான சுவரொட்டிகளில் இன்றும் 'வரம் பெற்ற' என்ற அடைமொழி ஒரு பேச்சாளரின் பெயருக்கு முன்னே நிற்கின்றது. அதனைப் பெறாதோர் யாவரென்று எவரும் கேட்பதில்லை.

உடலுவமைக்கு வருவோம். சமுதாயத்தை உடலாக உருவகித்தல் பவுலின் கண்டுபிடிப்பன்று. உரோமாபுரியின் கீழ்க்குடியினர் நகரைவிட்டு வெளியேறியபொழுது, வயிற்றுக்கெதிராகக் கிளர்ந்த உறுப்புகளின் கதையைச் சொல்லி அவர்களை மெனேனியஸ் அகிரிப்பா அமைதிப்படுத்தினான் என்று லிவி என்னும் வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார். அங்கே உவமை மேலோருக்குத் துணைநின்றது. இருக்கு வேதத்துப் புருட சூக்தம் வாயையும் தோளையும் தொடையையும் பாதத்தையும் நான்கு வருணங்களுக்கு மூலமாக்கியது. நமது இலக்கியத்திலும் புறநானூற்று மோசிகீரனார் மன்னனை உயிரெனக் கண்டார். கம்பர் அதனைத் திருப்பிப்போட்டு, மக்களை உயிராகவும் தசரதனை அவ்வுயிர்கள் உறையும் உடம்பாகவும் பாடினார். கம்பரின் துணிவு பெரிதே. எனினும் அங்கும் பேச்சு மன்னனைப் பற்றியதே. பவுல் உவமையின் வேறோரிடத்தைத் தொடுகின்றார். பலவீனமாகத் தோன்றும் உறுப்பே இன்றியமையாதது என்கிறார். மதிப்புக் குறைந்ததாக எண்ணப்படும் உறுப்புக்கே கூடுதல் மதிப்பு அளிக்கப்படுகின்றது என்கிறார். தலையும் காலைப் பார்த்து நீ எனக்கு வேண்டாமென்று சொல்ல இயலாது. பாதத்திற் பிறந்தவன் எனப்பட்டவனுக்கு இவ்வுவமை எவ்வாறு ஒலித்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

இலங்கைத் தமிழில் நாம் சங்கங்களுக்கும் சபைகளுக்கும் 'அங்கத்தவர்' என்ற சொல்லை வழங்குகின்றோம். அங்கம் என்பது உறுப்பு. சந்தா செலுத்தியதும் அங்கத்தவராகும் நாம், ஓர் உடலின் கையென்றோ காலென்றோ நம்மை அச்சொல் அழைக்கின்றதென்பதை மறந்துவிட்டோம்.

எல்லோருக்கும் இடமுண்டு என்ற எண்ணம் மட்டக்களப்புக்குப் புதியதன்று. இப்பிரதேசத்துக் கோயில்களின் திருவிழா அமைப்பு குடிகளின் வழிப்பட்டது. ஒவ்வொரு குடிக்கும் உரிய நாள், உரிய கடமை, உரிய மரியாதை உண்டு. வெளியே தள்ளப்பட்டவரென ஒருவரும் இல்லாதிருக்க முயலும் ஒழுங்கு அது. ஆனால் அங்கே இடம் என்பது வரிசை. யாருக்கு முன் யார் என்பதே வழக்குக்கும் பூசலுக்கும் காரணமாகி வந்துள்ளது. கொரிந்திய நிருபத்தை இம்மண்ணில் வாசிப்பவன் கவனிக்கவேண்டியது இவ்வேறுபாட்டையே. எல்லோருக்கும் இடம் என்பதை நம்மவர் ஏற்கெனவே அறிவர். வரிசையற்ற இடம் என்பதே அவர்களுக்குப் புதிது. நமது கூத்திலே இதற்கொரு குறிப்பு இருப்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு. அண்ணாவியாரோடு சேர்ந்து பின்பாட்டுப் பாடுவோரைச் 'சபையோர்' என்கின்றோம். களரியிலே முடி தரித்து ஆடுபவன் அரசன். அவன் வரவைச் சொல்பவர் சபையோர். அவர்கள் வாய் மூடினால் அரசனுக்கு ஆட்டமில்லை.

வெசுலிய மிசனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் 1814 இல் மட்டக்களப்புக்கு வந்து, ஓராண்டு நிறையுமுன் 1815 இல் இங்கேயே இறந்தார். அவர் தொடக்கிய கல்விப் பணியின் வழியில் மெதடிஸ்த மத்திய கல்லூரி இன்றும் நிற்கின்றது. கத்தோலிக்கம் அதற்கு மிக முந்தியது, போர்த்துக்கேயர் காலத்தது. அவ்விரண்டின் வளர்ச்சியையும் விரித்தல் இங்கு வேண்டியதில்லை. இரண்டிலும் குருவானவர் பேச, மக்கள் கேட்பதே நெடுங்கால வழக்காயிருந்தது என்பது போதும். இவ்வழக்குக்குக் கத்தோலிக்க உலகிலே பெரும் சவாலாக அமைந்தது இரண்டாம் வத்திக்கான் சங்கம். 1963 இல் அச்சங்கத்தில் கர்தினால் ருபீனி, இத்தகைய அருள்கொடைகள் ஆதித் திருச்சபைக்கே உரியவை, இக்காலத்தில் மிக அரியவை என்றார். கர்தினால் சூனன்ஸ் அதனை மறுத்து, ஒவ்வொரு கிறித்தவனுக்கும் அவனது அன்றாட வாழ்வில் அவை உண்டென வாதிட்டார். 1964 இல் வெளியான திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டு சூனன்ஸின் பக்கமே சாய்ந்தது. ஏட்டிற் சாய்ந்த அளவுக்குப் பங்குகளிற் சாய்ந்ததா என்பது வேறு கேள்வி.

மறுபுறத்தில் பெந்தெகொஸ்தே இயக்கம் வந்தது. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் மகனாகிய வில்லியம் சீமோர் 1906 இல் லொஸ் ஏஞ்சலிசின் அசூசா வீதியில் நடத்திய கூட்டங்கள் இவ்வியக்கம் உலகெங்கும் பரவ வழிசெய்தன. இலங்கைக்கு 1919 இல் டென்மார்க்கைச் சேர்ந்த அன்னா லெவினி வந்தார். 1920களில் கேரளத்திற் பிறந்த போதகர் போல் முதலானோரால் இலங்கைப் பெந்தெகொஸ்தே சபை கொழும்பில் உருப்பெற்றது. இவ்வகைச் சபைகள் கிழக்கிற் பரவியதைப் பற்றிப் படித்தோர் பேசும்பொழுது ஏளனமே மேலோங்கும். சத்தம், கைதட்டல், மதமாற்றம் என்ற மூன்று சொற்களில் அவர்களது ஆய்வு முடிந்துவிடும். எனக்கு இதில் உடன்பாடில்லை. மீன்பிடித் தொழிலாளியும் கூலிக்குச் செல்லும் பெண்ணும் எழுந்து நின்று, தமது வாழ்வைத் தாமே கதையாக்கிச் சொல்லும் 'சாட்சி' என்ற பேச்சு வடிவம் இச்சபைகளிலேதான் தழைத்தது. பள்ளிக்கூடமும் கச்சேரியும் கோயில் நிருவாகமும் வாய் திறக்க விடாதவர்களுக்குக் கிடைத்த மேடை அது. தமிழ்த்துறைகள் நாட்டார் பாடலைத் தேடி அலைந்த அளவுக்கு இச்சாட்சிகளைச் செவிமடுத்ததில்லை.

குறை பிறிதோரிடத்தில் உள்ளது. சாட்சி சொல்லும் உரிமை எல்லோருக்கும் கிட்டிய அதே சபைகளில், குணமாக்கலும் தீர்க்கதரிசனமும் ஒருவர் அல்லது இருவரிடம் திரண்டுவிடும் போக்கினையும் காணலாம். வரம் என்ற சொல் தன் பழைய வேலையைச் செய்கின்றது. பெற்றவர் ஒருவர், கேட்க வருவோர் பலர். இது தெய்வமாடுவோர் 'வாக்கு'ச் சொல்லும் மட்டக்களப்பு அம்மன் கோயில் வழக்கை நினைவூட்டும். போர்க் காலத்தில், காணாமற்போன பிள்ளைகளைப் பற்றி அறிய வாக்குக் கேட்டுச் சென்ற தாய்மாரைப் பற்றி பட்ரீசியா லோறன்ஸ் என்னும் மானிடவியலாளர் விரிவாக எழுதியுள்ளார். அரசும் நீதிமன்றமும் மறுமொழி தராத வேளையில் வாக்கு ஒரு மறுமொழி தந்தது. இவ்விரு வழக்குகளையும் ஒன்றென்று தள்ளிவிடுதலும், ஒன்றுக்கொன்று பகையென்று நிறுத்துதலும் பிழை. ஒரு வேறுபாடு மட்டும் பவுலின் எழுத்தில் தெளிவாக உண்டு. பதினான்காம் அதிகாரத்தில், தீர்க்கதரிசனம் உரைப்போர் உரைக்க மற்றவர் அதனை நிதானித்துத் தீர்க்கவேண்டும் என்கிறார். கேட்பவருக்கும் அங்கே ஒரு தொழிலுண்டு. இத்தொழிலைச் செய்யும் சபைகள் எத்தனை?

பன்னிரண்டாம் அதிகாரத்தின் இருபத்தெட்டாம் வசனத்துப் பட்டியலிலே, அப்போஸ்தலர் முதலாகப் பெரிய பெயர்களெல்லாம் வந்தபின், இரண்டு எளிய சொற்கள் வருகின்றன. ஒன்றன் நேர்ப்பொருள் 'துணைசெய்தல்கள்'. மற்றது கப்பலைச் செலுத்துதலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. சுக்கான் பிடிப்பவனின் தொழில் அது. காற்றையும் நீரோட்டத்தையும் அறிந்து, ஏறியவர் எல்லோரையும் கரைசேர்க்கும் அத்தொழிலின் பொருள் வாவியைக் கடந்து எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் தோணியிற் சென்றுவந்த மக்களுக்கு விளக்கமின்றியே விளங்கியிருக்கும். பழைய தமிழ்ப் பதிப்பு இதனை 'ஆளுகைகள்' ஆக்கிற்று, தோணிக்காரன் அதிகாரியானான். துணைசெய்தலை 'ஊழியங்கள்' ஆக்கிற்று. இச்சொல்லின் வரலாறு இன்னும் விசித்திரமானது. ஒல்லாந்தர் கால யாழ்ப்பாணத்தில் ஊழியம் என்பது குறிப்பிட்ட மக்கட் பிரிவினர்மீது சுமத்தப்பட்ட கட்டாய உழைப்பு. கிறித்தவ வழக்கில் அச்சொல் இழிவு நீங்கி உயர்ந்தது நன்றே. ஆயின் உயர்ந்துகொண்டே சென்று, இன்று 'முழுநேர ஊழியர்' என்றால் போதகர் என்றே பொருள்படும் நிலையை அடைந்துவிட்டது. கதிரை அடுக்குபவரையும் நோயாளியின் வீட்டுக்குக் கஞ்சி கொண்டுசெல்பவரையும் குறிக்கவேண்டிய சொல் அவர்களை விட்டு நீங்கிவிட்டது.

இவ்விழப்பின் அளவு போர்க் காலத்திலும் அதற்குப் பின்னும் வெளிப்பட்டது. யேசு சபைத் துறவி ஹரி மில்லர் 1948 இல் அமெரிக்காவிலிருந்து வந்து, கைதானோர், காணாமற்போனோர் பற்றிய முறைப்பாடுகளைக் கேட்டு எழுதிவைப்பதில் ஆண்டுக்கணக்காக உழைத்தார். அவரது தோழர் யூஜின் ஹேபர்ட் அடிகளார் 1990 ஓகஸ்ட் 15 இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியிற் காணாமற்போனார். இவர்கள் குருமார், பெயர்கள் நிலைத்தன. 2004 ஆழிப்பேரலையின் பின்னர் தேவாலய மண்டபங்களிற் சமைத்தவர்களினதும் சடலங்களை அடையாளங் காட்ட உடன் சென்றவர்களினதும் பெயர்கள் எந்த மலரிலும் இல்லை.

2019 ஏப்ரில் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துக்குப் பையுடன் வந்த அந்நியனை, வாயிலருகே நின்ற சபையார் விசாரித்து உள்ளே விடாது நிறுத்தினர். குண்டு முற்றத்தில் வெடித்தது. முப்பதளவிலானோர் மாண்டனர், ஏறத்தாழ அரைவாசிப்பேர் சிறுவர். நிரம்பியிருந்த மண்டபத்தினுள் வெடித்திருப்பின் அழிவு எத்தகையதாயிருந்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. மாண்டவர்களுள் வாயிலில் நின்றவர்களும் அடங்குவர். அவர்களுள் ஒருவர் கட்டட ஒப்பந்த வேலை செய்பவர். போதகர் அல்லர், எந்தச் சுவரொட்டியிலும் இடம்பெறாதவர். பவுலின் பட்டியல்களில் வாயில் காத்தல் என்றொரு வரமில்லை. இருபத்தெட்டாம் வசனத்தில் 'ஊழியங்கள்' என்று பெயர்க்கப்பட்ட சொல்லே அதற்கு மிக அண்மையில் நிற்பது.