பன்றித் தலையும் பகுத்தறிவும்

மனிதன் பிறவியிலேயே கொடியவன். சட்டமும் காவலும் சற்றே விலகினால் அவனுள் உறங்கும் விலங்கு விழித்தெழும். இவ்விதம் தீர்ப்புரைப்போர், சான்றாக ஒரு புதினத்தை எடுத்து நீட்டுவது வழக்கம். ஆங்கில எழுத்தாளர் வில்லியம் கோல்டிங் 1954-ஆம் ஆண்டு வெளியிட்ட 'லார்ட் ஆப் தி பிளைஸ்', அதாவது 'ஈக்களின் தலைவன்', என்பதே அந்நூல். சான்று என்கிறார்களே, அது என்னதான் சாற்றுகிறது? ஏட்டைப் புரட்டிப் பார்ப்போம்.

அணுகுண்டுப் போர் மூண்ட வேளை. ஆங்கிலச் சிறுவர்களை ஏற்றிச் சென்ற விமானம் வீழ்கிறது. ஆளில்லாத் தீவொன்றில் அவர்கள் தனித்து விடப்படுகின்றனர். ரால்ப் என்பான் சங்கெடுத்து ஊத, எல்லோரும் கூடுகின்றனர்; வாக்கெடுத்து அவனையே தலைவனாக்குகின்றனர். சங்கு எவன் கையில் இருக்கிறதோ அவனே பேசலாம் என்பது விதி. கப்பல்கள் காண மலையுச்சியில் தீ மூட்டுகின்றனர். சங்கு மக்களாட்சிக்குக் குறியீடு, தீ, மீட்சிக்கு, தீயை மூட்ட உதவிய பிக்கியின் மூக்குக் கண்ணாடி, அறிவுக்கு. கிட்டப்பார்வைக் கண்ணாடி கதிரொளியைக் குவிக்காதே என்று பௌதிகம் பயின்றோர் நகைப்பர். நகைக்கட்டும்! அறிவின்றி அடுப்பும் எரியாது என்ற கருத்து அந்த நகைப்பால் அணைந்துவிடாது.

ஆட்சி அமைந்தது, அமைதி நிலைத்ததா? இல்லை. சிறுவன் ஒருவன், இருளில் மிருகம் ஒன்றைக் கண்டதாக நடுங்கினான். நடுக்கம் பரவிற்று. ஜாக் அதைப் பற்றிக்கொண்டான். யார் இந்த ஜாக்? தேவாலயப் பாடகர் குழுவின் தலைவன்! கறுப்பு அங்கி அணிந்து, மார்பிலே வெள்ளிச் சிலுவை துலங்கத் தீவிலே தோன்றியவன். அந்தக் குழுவே வேட்டைக் கூட்டமாகிறது. பன்றியைக் கொன்று, தலையைக் கொய்து, கம்பிலே குத்தி, மிருகத்திற்குக் காணிக்கையாக நாட்டுகின்றனர். மொய்க்கின்றன ஈக்கள். ஈக்களின் தலைவன் என்பது, பீல்செபப் என்ற பேயின் பெயருக்குரிய பொருள்.

மிருகமோ, உண்மையில் ஒரு பிணம்! வான் போரில் மாண்ட வீரன் ஒருவன், பாரசூட்டின் கயிறுகளில் சிக்கி, காற்றடிக்கும்போதெல்லாம் தலை நிமிர்ந்து தாழ்கிறான். ரால்பும் ஜாக்கும்கூட இருளிலே ஏறினர்; இருளிலே கண்டனர்; அலறி ஓடினர். பகலிலே ஏறி, அருகிலே நின்று, இது பிணம் என்று அறிந்தவன் சைமன் ஒருவனே. அறிந்ததை அறிவிக்க ஓடி வருகிறான். இடியும் மழையும் சூழ வெறிக்கூத்தாடிய கூட்டம், உண்மையைச் சுமந்து வந்த அவனையே மிருகமென்று அடித்துக் கொல்கிறது.

தோழர்களே, இங்கே சற்று நின்று எண்ணுங்கள். கொடுமை இயல்பு என்றால், அதற்கு இத்தனை ஏற்பாடு எதற்கு? ஓர் அச்சம் வேண்டியிருந்தது; அச்சத்திற்கு ஒரு படையல் வேண்டியிருந்தது; முகத்திலே பூச வண்ணம் வேண்டியிருந்தது; 'யானே காப்பேன்' என்று கூறி இறைச்சி வழங்க ஒரு தலைவன் வேண்டியிருந்தான். ரோஜரைப் பாருங்கள் என்பர் மறுப்போர். தொடக்கத்தில் ஒரு சிறுவன்மீது படாதவாறு கல்லெறிந்தவன், பின்னர்ப் பாறையை உருட்டிப் பிக்கியைக் கொன்றானே, சங்கும் நொறுங்கிற்றே என்பர். பார்த்தோம். இடையிலே நிகழ்ந்ததையும் பார்த்தோம். காரணமே கூறாது ஒருவனைக் கட்டிவைத்து அடிக்கும் தலைவன் அமைந்துவிட்டான் என்று அறிந்த பிறகே, ரோஜரின் கரம் துணிந்தது. கேட்பாரற்ற அதிகாரம் ஈன்ற பிள்ளை அக்கொலை!

கோல்டிங்கை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் பணிபுரிந்து, 1944-இல் நார்மண்டிப் படையிறக்கத்தில் பங்குகொண்டவர், பள்ளி ஆசிரியர், 1983-இல் நோபல் பரிசு பெற்றவர். 1857-இல் பாலண்டைன் எழுதிய 'பவழத் தீவு' என்ற கதையிலே, ஆங்கிலச் சிறுவர் நல்லவர், தீவுவாசிகள் காட்டுமிராண்டிகள். அந்த இனச் செருக்கை இவர் உடைத்தார், உளமார வரவேற்கிறோம். ஆனால், சமுதாயக் குறைகளின் வேர் மனித இயல்பே என்று அவர் கண்ட முடிவை ஏற்பதற்கில்லை. அவர் வரைந்த ஓவியமே அம்முடிவை மறுக்கிறது.

உண்மைத் தீவு ஒன்றும் உண்டு. 1965-இல் தொங்கா நாட்டு மாணவர் அறுவர், படகொன்றை எடுத்துக்கொண்டு கடலோடி, புயலில் சிக்கி, அட்டா என்னும் ஆளில்லாத் தீவில் ஒதுங்கினர். பதினைந்து மாதங்கள்! வேலையைப் பகிர்ந்தனர், மூட்டிய தீயை அணையாது காத்தனர், பிணக்கு வந்தால் விலகியிருந்து ஆறினர், கால் முறிந்தவனுக்குக் கட்டுப்போட்டுப் பேணினர். 1966 செப்டம்பரில் பீட்டர் வார்னர் என்ற ஆஸ்திரேலிய மாலுமி மீட்டார். அவர்கள் வழிபாடும் செய்தனர், மறைப்பானேன்? ஆனால் ஒருவரையொருவர் வேட்டையாடவில்லை. அறுவரும் முன்பே நண்பர்கள், ஆகவே இது விதியாகாது என்பரேல், ஒப்புகிறோம். அங்ஙனமாயின், ஒருவர் கற்பனை மட்டும் எங்ஙனம் விதியாகும்?

'இயல்பே அதுதான்' என்ற சொல், சீர்திருத்தத்தின் வாயிலுக்கு இடும் பூட்டு. திருத்த முடியாதவன் மனிதன் என்றால், கல்வி எதற்கு? சட்டம் எதற்கு? கிளர்ச்சிதான் எதற்கு? ஆகவே இந்நூலைப் படியுங்கள், சைமனுக்காகப் படியுங்கள். மலையேறிப் பார்க்க ஒருவன் போதும். அவன் கண்டு வந்து சொல்லும்போது, கம்பைக் கீழே போட்டுவிட்டுக் காது கொடுக்கும் கூட்டம் வேண்டும். அக்கூட்டத்தை ஆக்குவதே நம் பணி.