சூடு ஆறிய பிறகு

பயண நூலைச் சூட்டோடு சூடாக எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் அனுபவத்தின் ஈரம் காய்ந்துவிடும் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். அதன் பலனைப் புத்தகக் காட்சிகளில் பார்க்கலாம். பத்து நாள் ஜப்பான், எட்டு நாள் வியட்நாம். கடைசி அத்தியாயத்தில் விமான நிலையம், கண்ணோரக் கசிவு, ‘மீண்டும் வருவேன்’ என்றொரு வாக்குறுதி. இந்த நூல்களில் ஆகப் பொய்யான பகுதி ஒரு நாட்டிடம் விடைபெறும் இந்தப் பகுதிதான். எழுதுகிறவருக்குப் பிரிவு இன்னும் நேரவே இல்லை என்பதே காரணம்.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். சங்கப் பாட்டொன்றில், பரிசு பெற வந்த கலைஞனான பொருநன் ஊர் திரும்ப விடை கேட்டதும் கரிகாலன் கோபித்தவன்போல் பார்க்கிறான். பிறகு தேரைக் கொடுத்து ஏழடி பின்னால் நடந்து வழியனுப்புகிறான். முடத்தாமக்கண்ணியார் இதை அரண்மனை வாசலில் வைத்துச் சொல்லவில்லை. வெகுதூரம் வந்தபின், எதிர்ப்படும் இன்னொரு வறிய கலைஞனிடம் பொருநனைச் சொல்லவைக்கிறார்.

யுவான் சுவாங் இந்தியாவிடம் விடைபெறும்போது சிந்து நதி அவருடைய சுவடிகளில் ஒரு பகுதியையும் பூ விதைகளையும் வாங்கிக்கொண்டது. இழந்தவற்றுக்குப் படியெடுக்க ஆளனுப்பிவிட்டுக் காத்திருந்தார். இபின் பதூதா வேறு ரகம். மாலத்தீவில் காஜியாக இருந்தார், வசீருடன் பகைத்தார், மனைவியரை மணவிலக்குச் செய்துவிட்டுக் கிளம்பினார். இலங்கை வழியாக மதுரை சுல்தானிடம் வந்து, அதே தீவுகள்மீது படையெடுக்க யோசனையும் சொன்னார்! ஆண்டுகள் கழித்து மொராக்கோவில் உட்கார்ந்து இதை ஒளிக்காமல் சொல்லி எழுதவைத்திருக்கிறார். நம் விமான நிலையக் கண்ணீரில் இந்த நேர்மை கிடையாது.

கதே 1788 ஏப்ரலில் ரோமைப் பிரிந்தார். அந்தப் பிரிவைச் சொல்லும் பாகம் அச்சேறியது 1829இல். நிலா வெளிச்சத்தில் கடைசியாக நகரைச் சுற்றும் பக்கங்களில், ரோமிலிருந்து நாடுகடத்தப்பட்ட ஓவிடின் புலம்பலை இரவல் வாங்குகிறார். கதேயை யாரும் துரத்தவில்லை; வைமாரில் பதவி காத்திருந்தது. ஆனால் எண்பதை நெருங்கும் முதியவருக்கு ரோமோடு தன் இளமையும் போயிருந்தது. அதனால் அந்த இரவல் அவருக்குப் பொருந்துகிறது. மானுடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸ் பிரேசிலைவிட்டு 1939இல் வந்தார். அந்தப் பயணத்தைச் சொல்லும் நூல் வெளியானது 1955இல்.

காத்திருந்தும் கசக்கும் நூல்கள் உண்டு. ஐசக் டினேசன் 1931இல் கென்யாவைவிட்டுப் போய், 1937இல் ‘அவுட் ஆஃப் ஆப்பிரிக்கா’வை வெளியிட்டார். அங்கிருந்த தன் பண்ணைக்கு விடைசொல்லும் இறுதிப் பகுதியின் உரைநடை அழகானது, சற்று அதிகமாகவே அழகானது. பண்ணையில் வாழ்ந்த கிக்கூயு குடிகளுக்கு ஒரே இடத்தில் நிலம் கிடைக்க அவர் அலைந்தது மெய். ஆனாலும் அந்தத் துக்கம் எசமானியின் துக்கம். கென்ய எழுத்தாளர் நுகூகி வா தியாங்கோ இந்நூலைக் கடுமையாகச் சாடியதில் வியப்பில்லை.

நம் விமர்சகர்கள் அதிகம் பேசாத ஒரு பெயரைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன்: நிக்கோலா பூவியே. ஜெனீவாக்காரர். 1953இல் ஓவிய நண்பர் தியரி வெர்னேவுடன் ஒரு குட்டி பியட் காரில் யுகோஸ்லாவியா, துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் என்று வந்தார். அந்தப் பயணத்தின் நூல், ‘லூசாஜ் த்யு மோந்த்’, 1963இல்தான் வந்தது. அதில் ஓர் இடம் அபாரமானது. ஆப்கானிஸ்தானின் அகழாய்வுக் களமொன்றை விவரிக்கவேண்டிய கட்டத்தில், ஆறு ஆண்டுகள் கழித்து மேசைமுன் உட்கார்ந்திருக்கும் தனக்கு அந்த இடம் பிடிபடாமல் நழுவுவதையே எழுதிவிடுகிறார். சூட்டோடு எழுதியிருந்தால் களம் கிடைத்திருக்கும், இந்தத் தவிப்பு கிடைத்திருக்காது. நூல் கைபர் கணவாயில் நின்றுவிடுகிறது. நன்றியறிவிப்பு இல்லை, வாக்குறுதி இல்லை.

பிறகு இந்தியா வழியாக இலங்கை. 1955இல் காலி நகரில் வாடகை அறையொன்றில் மாதக்கணக்கில் காய்ச்சலோடும் பூச்சிகளோடும் தனியாகக் கிடந்தார். அந்த நாட்களைப் பற்றிய ‘தேள்மீன்’ 1980களின் தொடக்கத்தில்தான் வெளியானது. கால் நூற்றாண்டு! அந்த நாடு தன்னை உடைத்தது என்பதைக் கசப்பில்லாமல் சொல்ல அவருக்கு அவ்வளவு காலம் பிடித்தது. இலங்கையைத் தென்னைமரமும் புன்னகையுமாகக் காட்டும் நூல்களுக்கு நடுவே இது ஒரு பெரிய மரியாதை.

தமிழில் இந்த அடக்கத்துக்குப் பக்கத்தில் நிற்பவர் ஏ. கே. செட்டியார். காந்தி பற்றிய ஆவணப்படத்துக்காக நாடு நாடாக அலைந்தவர். தன்னைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதினார். அவருக்குப் பின் வந்த வாரப் பத்திரிகைப் பயணத் தொடர்கள், அடுத்த இதழுக்குப் பக்கம் நிரப்பும் அவசரத்தில், அந்த வழியைத் தூர்த்துவிட்டன. இன்றைய விமான நிலைய அத்தியாயம் அந்தத் தொடர்களின் வாரிசு.

பயணம் முடிந்து வரும் நண்பர்களே, ஊர்ப்பெயர், ரயில் நேரம், சாப்பிட்ட பண்டம் எல்லாவற்றையும் அன்றன்றே குறித்துவையுங்கள். கடைசி அத்தியாயத்தை மட்டும் சில ஆண்டுகளாவது எழுதாதீர்கள். பதிப்பாளர் அவசரப்படுத்தினால் அது இல்லாமலேயே நூலைக் கொடுத்துவிடுங்கள்.