எதிர்பால் விழைவே இயல்பு என்னும் கருத்தின் வேர்கள்: ஐதராபாத் சட்டமும் தமிழ் இலக்கண மரபும்

முன்னுரை

ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே தோன்றும் விழைவே இயற்கையானது, பிற விழைவுகள் அதன் திரிபுகள் என்னும் எண்ணம் சமுதாயத்தில் ஆழ வேரூன்றியுள்ளது. இதனைத் தனிமனித உணர்ச்சியாக மட்டும் கொள்ளாமல், சமூகம் கட்டாயமாக்கும் ஒரு நிறுவனமாக ஆராய வேண்டும் என்று அமெரிக்கக் கவிஞர் ஏட்ரியன் ரிச் 1980இல் வெளியிட்ட கட்டுரையில் வலியுறுத்தினார். இந்நிறுவனம் இந்தியாவில் எங்கிருந்து வந்தது என்னும் வினாவுக்கு இருவகை விடைகள் கூறப்படுகின்றன. தொன்றுதொட்டு வரும் மரபு என்பர் ஒரு சாரார். 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவோடு வந்த ஆங்கிலேய இறக்குமதி என்பர் மற்றொரு சாரார். இவ்விரு விடைகளும் தனித்தனியே நின்று நிறைவு பெறா என்பதை ஐதராபாத்தின் சட்ட, இலக்கிய வரலாறு காட்டுகிறது. அவ்வரலாற்றைத் தமிழ் மரபோடு ஒப்பிட்டு நோக்குவதாக இக்கட்டுரை அமைகிறது.

1329ஆம் பசலிச் சட்டம்

ஐதராபாத் அரசு ஆங்கிலேயரின் நேரடி ஆட்சிக்கு உட்படாதது. அங்கு ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் காலத்தில், 1329ஆம் பசலியில், அதாவது 1919இல், அலிகள் சட்டம் இயற்றப்பட்டது. ‘அலி’ என்னும் சொல் இன்று இழிவழக்காகக் கருதப்படுகிறது. சட்டத்தின் நோக்கைக் காட்டவே ஈண்டு ஆளப்படுகிறது. ஆண்பாலினருள் தம்மை ஆண்மையற்றவர் என ஒப்புக்கொள்பவரையும் மருத்துவச் சோதனையில் அவ்வாறு தெளிவாகத் தோன்றுபவரையும் அச்சட்டம் அலி என வரையறுத்தது. ஐதராபாத் நகரில் வாழ்ந்த அத்தகையோருள், சிறுவரைக் கடத்துதல், விதையகற்றுதல், ‘இயற்கைக்கு மாறான குற்றம்’ புரிதல் ஆகியவற்றில் ஐயத்துக்கு உள்ளானோரின் பெயர்கள் பதிவேட்டில் எழுதப்பட்டன. பதிவு பெற்றவர் பெண்ணுடையிலோ அணிகலனுடனோ தெருவில் காணப்பட்டாலும், பொதுவிடத்தில் ஆடினாலும், இசைத்தாலும் பிடியாணையின்றிக் கைது செய்யலாம். இரண்டாண்டு வரை சிறையில் இடலாம்.

இவ்வரையறையைப் பாடஒப்பீட்டு முறையில் நோக்கினால் அதன் மூலம் புலப்படும். ஆங்கிலேயர் 1871இல் இயற்றிய குற்றப் பரம்பரையினர் சட்டத்தின் இரண்டாம் பகுதியில் உள்ள வரையறையே ஏறத்தாழ அப்படியே இங்கு இடம்பெற்றுள்ளது. ஆடை, ஆடல், பிடியாணையற்ற கைது ஆகியவை குறித்த விதிகளும் அதன் வழிப்பட்டனவே. ஆயினும் இது திணிக்கப்பட்ட பாடம் என்பதினும் ஏற்கப்பட்ட பாடம் என்பதே பொருந்தும். உஸ்மானியா பல்கலைக்கழகத்தை 1918இல் உருது பயிற்றுமொழியுடன் நிறுவி அறிவுத்துறையில் தன்னுரிமை நாட்டிய அரசு, அடுத்த ஆண்டிலேயே உடலையும் உடையையும் அளக்க அயலாரின் அளவுகோலைக் கைக்கொண்டது.

சட்டத்தின் தருக்கமும் கருதத்தக்கது. ஆண் என்பதன் பொருள் பெண்ணொடு கூடும் ஆற்றல் என்று சுருங்குகிறது. அவ்வாற்றல் இல்லாமை குறையாகிறது, குறை ஐயமாகிறது, ஐயம் பதிவேடாகிறது. உடையும் ஆடலும் குற்றத்தின் சான்றுகளாகின்றன. எதிர்பால் விழைவு இங்கு ஒரு விருப்பமாக அன்றி, மனிதரை வகைப்படுத்தும் இலக்கணமாகவே செயற்படுகிறது.

உருதுக் கவிதையியலில் நேர்ந்த மாற்றம்

ஐதராபாத் நகரை 1591இல் நிறுவிய முகம்மது குலி குதுப் ஷா தக்கணி மொழியில் பெண்குரலிலும் காதற்கவிதைகள் இயற்றினார். உருது கசலில் காதலுக்குரியவர் பெரும்பாலும் இலக்கண ஆண்பாலிலேயே சுட்டப்படுகிறார். 18ஆம் நூற்றாண்டில் தக்கணத்தில் வாழ்ந்த சிராஜ் ஔரங்காபாதி, இளைஞன் ஒருவன்பால் கொண்ட காதலைப் ‘புஸ்தானே கயால்’ என்னும் மஸ்னவியில் தன்கூற்றாகவே மொழிந்தார். இம்மரபு சமத்துவ மரபு அன்று. ஆடவரின் நோக்கும் அகவை வேறுபாடும் அதில் மேலோங்கியவை. எனினும் ஆண் ஆணை விழைதல் என்பது கவிதையில் கூறத்தக்க பொருளாக அங்கு இருந்தது.

ஐதராபாத் அரசின் உதவித்தொகை பெற்ற அல்தாப் உசைன் ஹாலி 1893இல் வெளியிட்ட கவிதையியல் நூலில் இந்நிலை கண்டிக்கப்பட்டது. காதலுக்குரியவர் ஆண் என்பதை வெளிப்படக் காட்டும் சொற்களைக் கவிஞர் விலக்க வேண்டும் என அவர் கருதினார். அதன்பின் அவ்வாண்பால் வெறும் மரபு அல்லது ஞானக்குறியீடு என விளக்கும் போக்கு வலுப்பெற்றது. அவ்விளக்கம் பல பாடல்களுக்குப் பொருந்தலாம். ஆனால் எல்லாப் பாடல்களுக்கும் முன்கூட்டியே பொருத்தப்படும்போது அது விளக்கமாகாது, விலக்காகும். சட்டம் 1919இல் தெருவில் செய்ததைத் திறனாய்வு அதற்கு முன்பே ஏட்டில் தொடங்கிவிட்டது.

தமிழ் இலக்கண மரபு

இவ்வேர்கள் யாவும் அயல்நிலத்தவை என்று தமிழாய்வு அமைதி கொள்ள இயலாது. தொல்காப்பியம் ஐந்திணையைத் தலைவன், தலைவி ஆகியோரின் ஒத்த அன்பாக அமைக்கிறது. ஒருதலைக் காமமாகிய கைக்கிளையும் பொருந்தாக் காமமாகிய பெருந்திணையும் அதன் இருபுறமும் நிற்கின்றன. பொருந்தாமைக்கும் இடமளித்த அவ்வகைப்பாட்டில், அப்பொருந்தாமையும் ஆண், பெண் எல்லைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. இது தடை அன்று, மௌனம். தடை தண்டிக்கிறது, மௌனமோ கேள்வியே எழாமற் செய்கிறது.

பால் குறித்த நூற்பாக்களில் மேலும் தெளிவான சான்று கிடைக்கிறது. ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயர்க்குத் தனி ஈறு இல்லை எனக் கூறும் தொல்காப்பியம், அதனை உயர்திணைக்குள்ளேயே வைக்கிறது. பிற்கால நன்னூல் அவரை விழைவின்வழி ஆண்பாலிலும் பெண்பாலிலும் சேர்த்து, அஃறிணை போல்வதற்கும் இடம் தருகிறது. உயர்திணையிலிருந்து அஃறிணைக்கு வழி திறக்கும் இந்நகர்வு ஆங்கிலேயர் வருகைக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. இலக்கணம் யாரையும் சிறையிடுவதில்லை. ஆயினும் மனிதர் என்னும் வகையின் எல்லையை வரைவதில் அதற்கும் பங்குண்டு.

பக்தி இலக்கியம் மற்றொரு கோணத்தைத் தருகிறது. நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும் திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் நின்று திருமாலை விழைகின்றனர். ஆடவர் பெண்குரல் பூணுதல் பால் எல்லையை நெகிழ்விக்கிறது என்பது உண்மையே. எனினும் ஆண் தெய்வத்தைக் காதலிக்க ஆண் கவிஞர் பெண்ணாதல் வேண்டும் என்பதில் எதிர்பால் சட்டகம் குலையாமல் நிற்கிறது. இறைவனே புருடன், உயிர்கள் யாவும் பெண்மையின என்னும் சமய விளக்கம் அதனை மேலும் உறுதியாக்குகிறது. சிராஜின் மஸ்னவியில் தேவைப்படாத பால்மாற்றம் ஆழ்வார் பாசுரத்தில் தேவைப்படுவதே இரு மரபுகளுக்கும் இடையிலான நுண்ணிய வேறுபாடு. இதனைக் கொண்டு ஆழ்வார்களுக்கு இக்கால அடையாளம் எதனையும் சூட்டுதல் பொருந்தாது. அவ்வாறு சூட்டுவதற்கு அஞ்சிக் கேள்வியையே தவிர்த்தலும் ஆய்வாகாது.

தீர்ப்பும் சொல்லும்

குற்றப் பரம்பரையினர் சட்டங்கள் 1952இல் நீக்கப்பட்டன. ஐதராபாத்தின் சட்டமோ 1948இல் இந்திய ஒன்றியத்தோடு இணைந்த பின்னும், 1956இல் ஆந்திரப் பிரதேசமும் 2014இல் தெலங்கானாவும் உருவான பின்னும் ஏட்டில் நிலைத்திருந்தது. 377ஆம் பிரிவு வயதுவந்தோரின் இசைவான உறவுக்குப் பொருந்தாது என உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6இல் தீர்ப்பளித்தபோதும் அது இருந்தது. 2023 ஜூலை 6இல்தான் தெலங்கானா உயர்நீதிமன்றம் அதனை அரசியலமைப்புக்கு முரணானது என அறிவித்தது. ஒரு வரையறை நூறாண்டுக்கு மேல் நீடித்தமைக்கு அதிகாரம் மட்டும் காரணமன்று; அவ்வரையறை வியப்பளிக்காத ஒரு பண்பாடும் காரணமாகும். அதே ஆண்டு அக்டோபர் 17இல் ஒருபால் இணையரின் திருமண உரிமையை ஏற்க உச்ச நீதிமன்றம் மறுத்தமை இச்சட்டகத்தின் வலிமையை உணர்த்துகிறது.

தமிழகத்தில் சென்னை உயர்நீதிமன்றத்தின் வழிகாட்டலை ஒட்டி, பாலினம், விழைவு குறித்த மதிப்புடைய சொற்களின் பட்டியலை அரசு 2022இல் வெளியிட்டது. சொல்லால் பதிவேடு அமைத்த வரலாற்றுக்கு இது சொல்லாலேயே அமைந்த மறுமொழி. ஆனால் அகராதியில் புதுச்சொல் ஏறியவுடன் உரைமரபு மாறிவிடாது.

முடிவுரை

எதிர்பால் விழைவுக்கு அளிக்கப்படும் முதன்மை, இலக்கணத்தின் மௌனம், சீர்திருத்தக் காலத் திறனாய்வு, அயலாட்சிச் சட்டம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்ற விளைவாகும். ஐதராபாத் சான்று இம்மூன்றாவதனைச் சுதேச அரசு விரும்பி ஏற்றதைப் புலப்படுத்துகிறது. சட்டத்தை நீதிமன்றம் நீக்கிவிட்டது. நூற்பாவுக்கும் பாசுரத்துக்கும் எழுதப்பட்ட உரைகளில் ‘இயல்பு’ என்னும் சொல் எதனைக் கூறுகிறது, எதனைக் கூறாது விடுகிறது என்று ஆராய்வது தமிழாய்வாளர் ஆற்ற வேண்டிய கடமையாக எஞ்சி நிற்கிறது.