தெரிந்த பெடியனும் மாதக் கட்டணமும்

வட்டுக்கோட்டைச் சந்தியில் ஒரு மருந்துக்கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாதத்தின் கடைசி நாள், பின்னேரம் ஆறு மணி. மருந்துத் துண்டுகளோடு ஏழெட்டுப் பேர் காத்து நிற்கிறார்கள். பில் அடிக்கும் கணினி நீலத் திரையோடு நின்றுவிடுகிறது. கடைக்காரர் தொலைபேசியை எடுக்கிறார்.

“தம்பி, பில் அடிக்கேலாமல் கிடக்கு. ஒருக்கா வந்திட்டுப் போவன்.”

“சங்கானையில நிக்கிறன் அண்ணை. அரை மணித்தியாலத்தில வாறன்.”

யாழ் குடாநாட்டின் சிறு கடைகள் பலவற்றுக்குக் கணினிப் பராமரிப்பு ஒப்பந்தம் என்று இருப்பது இந்த இரண்டு வரிகள்தான். பாமசி, ஹாட்வெயார் கடை, அச்சகம், தனியார் கல்வி நிலையம், கல்யாண மண்டபம் எதுவானாலும் ‘தெரிந்த பெடியன்’ ஒருவர் இருப்பார். பழுதானால் அழைப்பார்கள், வந்து திருத்துவார், கையில் கொடுப்பதை வாங்கிக்கொண்டு போவார். யாழ்ப்பாண நகரத்திலும் கொழும்பிலும் இருக்கும் நிறுவனங்கள் மாதக் கட்டணத்துக்குச் செய்யும் முறையான சேவை இதன் மறுபக்கம். எது நல்லது என்ற கேள்விக்கு நிறுவனமே நல்லது என்று பதில் சொல்லிவிடுவது எளிது. அந்தப் பதில் பாதிதான் சரி.

பெடியனின் பலத்தை முதலில் நேர்மையாகக் கணக்கிட வேண்டும். முதலாவது, அவர் பக்கத்தில் இருக்கிறார். கொழும்பிலிருந்து வரும் ஒருவர் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கடந்து வர வேண்டும். தொலைவிலிருந்தே திருத்தலாம் என்பார்கள். மின்னல் அடித்து ரவுட்டர் கருகிப்போனால் தொலைவிலிருந்து யாரும் எதுவும் செய்ய முடியாது. மாரிகாலத்தில் இது இங்கே அதிசயமான நிகழ்வு இல்லை. 2024 நவம்பர் கடைசியில் குடாநாட்டை மூழ்கடித்த வெள்ளத்தின்போது, கணினிப் பெட்டியைத் தரையிலிருந்து மேசைக்குத் தூக்கி வைக்க அறிவுரையைவிட ஒரு ஆள்தான் தேவைப்பட்டது.

இரண்டாவது பலம் வெளியார் கண்ணில் படாதது. இங்குள்ள அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பல ஆண்டுக் கோப்புகள் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. பாமினி ஒருங்குறிக்கு முந்திய ஏற்பாடு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கல்யாண அழைப்பிதழ் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். பாமினியைக் கண்டிராத ஒரு தொழில்நுட்பர் அதைக் கெட்டுப்போன கோப்பு என்று நினைத்து அழித்துவிடக் கூடும். ஊர்ப் பெடியனுக்கு எழுத்துருவை எங்கே வைத்திருக்கிறோம் என்பதும் தெரியும், ஒருங்குறிக்கு மாற்றுவது எப்படி என்பதும் தெரியும்.

மின்சாரமும் அப்படித்தான். 1990களில் பல ஆண்டுகளை மின்சாரமே இல்லாமல் கழித்த மண் இது. 2022 மார்ச் 31 அன்று நாடு முழுவதற்கும் 13 மணித்தியால மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோது, எந்தக் கடைக்கு எத்தனை நிமிடம் தாங்கும் யூபிஎஸ் போதும், எந்த மின்கலம் செத்துவிட்டது என்பதை நேரில் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் ஊருக்குள் இருந்தவர்களே. ரூபாயின் பெறுமதி விழுந்து, புதுக் கணினி வாங்குவது எட்டாத காரியமானபோது, பழைய இயந்திரங்களுக்கு உயிர் கொடுத்து ஓட வைத்தவர்களும் அவர்கள். இந்தத் திறமையைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமை இல்லை.

குறை அவர்களுடைய திறமையில் இல்லை. அவர்களுக்குக் கூலி கொடுக்கும் முறையில் இருக்கிறது.

பழுதானால்தான் பணம் என்ற ஏற்பாட்டில், பழுது வராமல் பார்ப்பவருக்கு வருமானம் இல்லை. தரவைப் பிரதி எடுத்து வைப்பது, மென்பொருளைப் புதுப்பிப்பது, யூபிஎஸ் மின்கலத்தைச் சோதிப்பது எல்லாம் கூலியில்லாத வேலைகள். நல்ல மனதுள்ளவர் வந்த வழியில் செய்துவிட்டுப் போவார். அவசரத்தில் இருப்பவர் விட்டுவிடுவார். கடைக்காரரும் எதுவும் உடையாத மாதத்தில் ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று கேட்பார். பல் விழுந்த பிறகு மட்டும் பல் வைத்தியரிடம் போவதைப் போன்ற பழக்கம் இது. அதோடு, மலிவாக முடியட்டும் என்று கேட்கும்போது திருட்டுப் பிரதி விண்டோஸ் உள்ளே வருகிறது. அதைத் திறப்பதற்கான ‘கிராக்’ கோப்பு எங்கிருந்து வந்தது, கூடவே எதைக் கொண்டு வந்தது என்று இருவருமே பார்ப்பதில்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அது யாழ்ப்பாணத்துக்கே உரியது. பெடியன் ஒருநாள் கனடாவுக்கோ இலண்டனுக்கோ போய்விடுவார். போவது அவர் உரிமை; குடும்பம் அதற்காகக் காத்திருந்திருக்கும். ஆனால் கடையின் கடவுச்சொற்கள், பில் மென்பொருளின் உரிமக் குறியீடு, மின்னஞ்சலை மீட்பதற்கான தொலைபேசி இலக்கம் எல்லாம் அவருடைய நினைவிலும் அவருடைய பழைய சிம் அட்டையிலும் இருக்கின்றன. கடையின் முகநூல் பக்கம் அவருடைய கணக்கில் திறக்கப்பட்டிருக்கும். கடைப்பெயரில் ஓர் இணையத்தளம் இருந்தால், அந்த முகவரியே அவர் பெயரில் பதிவாகியிருக்கும். இதில் வஞ்சகம் எதுவும் இல்லை. பொறுப்பை ஒப்படைப்பது என்ற ஒரு நாள் வரும் என்று இரு பக்கமும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

போனவர்கள் அங்கிருந்தும் உதவுகிறார்கள். ரொறன்ரோவில் இருக்கும் மருமகன் இரவு வேலை முடிந்து வந்து, தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் மென்பொருள் வழியாக மாமாவின் கடைக் கணினிக்குள் புகுந்து திருத்திக் கொடுப்பது குடாநாட்டில் பழகிப்போன காட்சி. அன்பான ஏற்பாடுதான். அதற்காக இரவு பகலாகத் திறந்து விடப்பட்ட வாசலுக்கு, எல்லோரும் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல் ஒன்று போட்டிருந்தால் அந்த அன்பே பொறியாகிவிடும். 2024 பெப்ரவரியில் எனிடெஸ்க் நிறுவனமே தன் சேவையகங்களுக்குள் ஊடுருவல் நடந்ததாக அறிவித்தது. உதவி தேவைப்படும் நேரத்தில் மட்டும் திறந்து, வேலை முடிந்ததும் மூடிவிடுவதே சரியான வழக்கம்.

அப்படியானால் நிறுவனமா? மாதக் கட்டணத்தின் அடிப்படை எண்ணம் நல்லது. கணினி ஓடிக்கொண்டிருந்தால் நிறுவனத்துக்கு இலாபம், உடைந்தால் செலவு. ஆகவே உடையாமல் பார்ப்பது அவர்களுடைய சொந்த நலன். ஒருவர் விடுமுறையில் போனால் இன்னொருவர் வருவார். எழுத்தில் பதிவு இருக்கும். இவை மூன்றும் பெடியனால் தனியே தர முடியாதவை.

ஆனால் ஒரே நிறுவனம் நூறு கடைகளின் சாவியை வைத்திருக்கும்போது, அந்த ஒரு சாவிக்கொத்து களவுபோனால் என்ன ஆகும் என்பதை உலகம் 2021 ஜூலை 2 அன்று பார்த்தது. பராமரிப்பு நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களின் கணினிகளைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கப் பயன்படுத்தும் கசேயா என்ற மென்பொருளின் ஓட்டை வழியாக, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் பணயத் தீநிரல் உலகெங்கும் 800க்கும் 1,500க்கும் இடைப்பட்ட வணிகங்களுக்குள் இறங்கியது. சுவீடனில் கூப் என்ற கூட்டுறவுப் பல்பொருள் அங்காடியின் பணப்பெட்டிகள் இயங்காமல் போய், நூற்றுக்கணக்கான கடைகளைப் பூட்ட வேண்டி வந்தது. இத்தனைக்கும் கூப் அந்த மென்பொருளைத் தானாக வாங்கியதில்லை. அதன் பணப்பெட்டிகளைப் பராமரித்த நிறுவனத்தின் வழியாக வந்த வினை. பராமரிப்பவரைப் பராமரிப்பவர் யார் என்று கேட்க வேண்டியது ஏன் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

ஒப்பந்தத்தின் சொற்களிலும் கவனம் வேண்டும். ‘ஒரு மணித்தியாலத்தில் பதில்’ என்று எழுதியிருந்தால், ஒரு மணித்தியாலத்தில் யாரோ தொலைபேசி எடுப்பார் என்றே பொருள். திருத்தி முடிப்பதற்கான நேரம் வேறு, அது தனியே எழுதப்பட வேண்டும். ‘99 சதவீதம் இயங்கும்’ என்ற உறுதிமொழி காதுக்கு இனிமை. மிச்சமுள்ள ஒரு சதவீதம் ஆண்டுக்கு 87 மணித்தியாலத்துக்கு மேல், அதாவது மூன்றரை நாளைத் தாண்டும். அந்த மூன்றரை நாள் தைப்பொங்கலுக்கு முந்திய வாரத்தில் விழுந்தால் ஒரு புடவைக்கடையின் கதி என்ன?

பெடியனானாலும் நிறுவனமானாலும் இருவரையும் சோதிக்கும் உரைகல் ஒன்றுதான்: பிரதி. இலங்கைக்குள்ளேயே அதற்குக் கசப்பான சான்று இருக்கிறது. 2023 ஓகஸ்டில் அரசாங்கத்தின் மேகக் கணிமைக் கட்டமைப்பு பணயத் தீநிரல் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட, அரசு முகவரியைப் பயன்படுத்திய ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. சேவையை மீட்டெடுத்தார்கள், ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை. அந்தக் காலத்துக்கு, தாக்குதல் எட்டாத இடத்தில் பிரதி இருக்கவில்லை. மின்னஞ்சல் மென்பொருளும் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான ஆதரவு 2023 ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. ஓர் அரசாங்கத்துக்கு நேர்ந்தது வட்டுக்கோட்டை மருந்துக்கடைக்கு நேராது என்று நம்ப இடமில்லை.

துறைக்குள் நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு எளிமையானது: மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்களில், ஒன்று கடைக்கு வெளியே. கடைக்கு அதை இப்படிச் செய்யலாம். கணினியில் உள்ளது ஒன்று. கிழமைக்கு ஒரு முறை வெளி வன்தட்டில் எடுத்து, கழற்றி, வீட்டு அலுமாரியில் வைப்பது இரண்டு. இணையச் சேமிப்பில் இருப்பது மூன்று. கழற்றுவது முக்கியம், செருகியபடி இருக்கும் வன்தட்டையும் தீநிரல் பூட்டிவிடும். இதில் பெரிய செலவு கிடையாது. விடாமல் செய்வதற்கு ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும், அவருக்கு அதற்குக் கூலி இருக்க வேண்டும்.

சட்டமும் கடைக்காரரைத்தான் பொறுப்பாளியாகப் பார்க்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவை எதற்காகச் சேகரிப்பது என்று தீர்மானிப்பவரையும், அவர் சார்பில் அதைக் கையாள்பவரையும் வேறு வேறாகப் பிரிக்கிறது. முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வரும் நாள் தள்ளிப்போடப்பட்டாலும் திசை தெளிவு. யாருக்கு என்ன நோய் என்பதை மருந்துக்கடையின் பில் பட்டியல் சொல்லிவிடும். ஒரே ஊருக்குள் அது வெளியே போவதன் வலி, சட்டம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கணினியைத் திருத்துவதற்குக் கொண்டுபோகும்போது அந்தப் பட்டியலும் கூடவே போகிறது என்பதைக் கடைக்காரர் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நிறுவனங்களின் ஒப்பந்தம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகிறது. வாசிக்காமலே கையொப்பம் விழுகிறது. 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் முதலில் வந்து இறங்கிப் பணியாற்றிய ஊர் வட்டுக்கோட்டை. பிறகு மானிப்பாயில் இருந்துகொண்டு அவர் மேலை மருத்துவத்தையே தமிழில் கற்பித்தார், நூல்களைத் தமிழாக்கினார். உடற்கூற்றியலைத் தமிழில் சொல்ல முடிந்த மண்ணில், இரண்டு பக்கப் பராமரிப்பு ஒப்பந்தத்தைத் தமிழில் கேட்பது பேராசை ஆகாது.

இந்த எழுத்தாளரின் முடிவு இது: ஐந்தாறு கணினிகளுக்குள் இருக்கும் ஊர்க்கடைக்குத் தெரிந்த பெடியனே போதும், அவரை மாதக் கட்டணத்துக்கு மாற்றினால். கிளைகள் உள்ள கடைக்கும், பணியாளர் சம்பளமும் இருப்புக் கணக்கும் ஒரே வலையமைப்பில் ஓடும் இடத்துக்கும் நிறுவனம் தேவை. அதுவும் யாழ்ப்பாணத்தில் ஆள் வைத்திருக்கும் நிறுவனம். யாழ் ஐரி ஹப் போன்ற அமைப்புகள் பத்தாண்டுக்கும் மேலாக இளைஞர்களை மென்பொருள் ஆக்கத்துக்குத் தூண்டி வருகின்றன. கடைகளின் கணினியைக் காப்பதும் மரியாதையான தொழில் என்று அவர்களிடம் யாராவது சொல்ல வேண்டும். இரண்டு மூன்று பெடியன்கள் சேர்ந்து, சங்கானை முதல் காரைநகர் வரை கடைகளைப் பங்கிட்டுப் பார்த்தால், ஒருவர் வெளிநாடு போனாலும் வேலை நிற்காது.

தெரிவு செய்யும்போது ஒரு மணித்தியாலம் பேசுவது போதும். இப்போது சேவை பெறும் இரண்டு கடைகளின் பெயரைக் கேட்டு, அங்கே போய் விசாரிக்கலாம். கடவுச்சொற்கள் யாரிடம் இருக்கும் என்று கேட்கலாம். ‘எங்களிடமே பாதுகாப்பாக இருக்கும்’ என்று மட்டும் பதில் வந்தால் எழுந்து வரலாம். உறவு முறியும் நாளில் எல்லாவற்றையும் எத்தனை நாளில் ஒப்படைப்பீர்கள் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிக்கொள்வது அவமரியாதை அல்ல. கடைக்காரர் பக்கத்திலும் கடமை உண்டு. எல்லாக் கடவுச்சொற்களையும் ஒரு கொப்பியில் எழுதி, காசுப்பெட்டியோடு சேர்த்துப் பூட்டி வைக்க வேண்டும். மின்னஞ்சல், முகநூல், இணைய முகவரி எல்லாம் கடை உரிமையாளர் பெயருக்கு மாற வேண்டும். பில் அடிக்கும் கணினியில் பிள்ளைகள் விளையாடக் கூடாது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. பழைய கணினிகள் பலவற்றில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புக் கூறு இல்லாததால் அடுத்த பதிப்பு முறைப்படி ஏறாது. எதை மாற்றுவது, எதை இணையத்திலிருந்து பிரித்து வைப்பது என்று தம்பியோடு இருந்து முடிவெடுக்க வேண்டிய காலம் இது.

வட்டுக்கோட்டையிலோ சுழிபுரத்திலோ கடை வைத்திருப்பவர் இதை வாசித்தால், வருகிற ஞாயிற்றுக்கிழமை தம்பியைக் கூப்பிட்டு, போன மாதத்துப் பில் ஒன்றைப் பிரதியிலிருந்து திறந்து காட்டச் சொல்லுங்கள். திறந்தாலும் திறக்காவிட்டாலும், வந்த நேரத்துக்குரிய கூலியைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.