எச்சரிக்கையின் வேகமும் விளக்கமும்

கட்டுப்பாட்டு வரைபு, புள்ளிவிபரவியல் தொழிற்சாலைக்கு அளித்த எளிய கருவிகளுள் ஒன்று. அமெரிக்காவின் வெஸ்டேர்ன் எலெக்ட்ரிக் கம்பனியில் பணியாற்றிய வோல்டர் ஷூவார்ட் 1924 இல் இதனை வகுத்தார். நடுக்கோட்டுக்கு மேலும் கீழும் மூன்று நியம விலகல் தூரத்தில் இரு எல்லைகள் இடப்படும். புள்ளி எல்லையைக் கடப்பின், தற்செயலுக்கு அப்பாற்பட்ட காரணத்தைத் தேடுக என்பதே அதன் கட்டளை.

ஆயின் தரம் ஒரு மாறியில் மட்டும் தங்கியிருப்பதில்லை. கொதிகலனில் வெப்பநிலையும் அமுக்கமும் சேர்ந்தே ஏறி இறங்குவன. ஒன்று சற்றுக் கூடி மற்றையது சற்றுக் குறையுமாயின், தனித்தனி வரைபுகள் இரண்டும் மௌனமாயிருக்கும்; கோளாறோ உள்ளே வளரும். அன்றியும், ஒன்றையொன்று சாராத பத்து மாறிகளுக்குப் பத்து வரைபுகள் வரையின், குறையேதுமில்லாத நிலையிலும் சராசரியாக 37 மாதிரிகளுக்கு ஒருமுறை பொய் எச்சரிக்கை எழும். ஹறோல்ட் ஹொட்டெலிங் 1947 இல், குண்டுவீச்சுக் குறிபார்க்குங் கருவிகளின் சோதனைத் தரவுகளைக் கொண்டு விளக்கிய ரீ வர்க்க முறை, மாறிகளின் இணைபையும் கருத்திற்கொண்டு அனைத்தையும் ஒரே எண்ணாகச் சுருக்கியது.

இதனோடு பின்னர் இணைந்ததே இசைவாக்க மாதிரியெடுப்பு. 1988 இல் றெனோல்ட்சும் அவர்தம் சகபாடிகளும் ஒருமாறி வரைபுக்கு மாறும் கால இடைவெளியை முன்வைத்தனர். அக்கருத்துப் பலமாறி வரைபுகளுக்கும் விரிந்தது. புள்ளி அமைதியான வலயத்தில் விழுந்தால் அடுத்த மாதிரி தாமதித்தும், எச்சரிக்கை வலயத்தில் விழுந்தால் விரைந்தும் எடுக்கப்படும். சிறிய பிறழ்வுகள் இதனால் விரைவிற் பிடிபடுகின்றன என்பதை மறுப்பதற்கில்லை.

எனினும் இப்புகழுரை ஓர் எடுகோளின் மேல் நிற்கின்றது: இடைகளும் மாறற்றிறன்களும் திட்டமாக அறியப்பட்டுள்ளன என்பதே அது. பத்து மாறிகளுக்கு இடைகள் 10; மாறற்றிறன்களும் இணைமாறற்றிறன்களும் 55. இவற்றைச் சொற்ப தரவிலிருந்து மதிப்பிட்டுவிட்டு எல்லைகளைத் திருத்தாது விடின், பொய் எச்சரிக்கைகள் பெருகும். எச்சரிக்கை வலயமும் அதே மதிப்பீட்டிற் பிறப்பதால், தேவையற்ற மாதிரிகளும் கூடும்.

இதனினும் முக்கியமானது விளக்கக் குறை. ஒற்றை எண் கோளாறு உண்டென்று கூறுமேயன்றி, எந்த மாறியில் என்று கூறாது. மேசன், ட்ரேசி, யங் ஆகியோர் 1995 இல் ரீ வர்க்கத்தைக் கூறுகளாகப் பிரித்துக் காட்டியது இக்குறையை நோக்கியே. விரைவை மட்டும் அளந்து முறைகளைத் தரப்படுத்துவோர், காரணத்தைத் தேடுக என்ற ஷூவார்ட்டின் கட்டளையைப் பாதியிலே விட்டவராவர். எச்சரிக்கை ஒலித்த பின் எங்கே செல்வதென்று அறியாத தொழிலாளி, நாளடைவில் வரைபையே நம்பாதொழிவான். விரைவோடு விளக்கத்தையும் தரும் முறையே ஆலைக்கு உகந்தது.