கழித்த பின் நிற்பது

ஹெல்முட் லாங்கின் உடைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘எளிமை’ என்ற சொல்லில் வந்து நின்றுவிடுகிறார்கள். எளிமை ஒரு விளைவு மட்டுமே. எதைக் கழித்ததால் அது கிட்டியது, எதைக் கழிக்க முடியாமல் போயிற்று என்று கேட்காத விமர்சனம் உடையைப் பார்க்கவில்லை.

1956-ல் வியன்னாவில் பிறந்த லாங், 1986-ல் பாரிஸில் தன் உடைகளைக் காட்டத் தொடங்கினார். தோளை அகட்டி, இடுப்பை இறுக்கி, உடம்பைப் பெரிதுபடுத்திய காலம் அது. லாங் உயர்ந்த மேடையை விட்டார். ஆண்களையும் பெண்களையும் கலந்து, தெருவில் போகிற வேகத்தில் தரையில் நடக்கவைத்தார். காட்சிகளுக்கு அவர் இட்ட பெயர் ‘ஸேயான்ஸ் து த்ராவாய்’ – பணி அமர்வு. பருவத்துக்குப் பருவம் இதே பெயர்தான்.

இந்தப் பெயரில் ஒரு நிராகரிப்பு இருக்கிறது. போன பருவம் செத்துவிட்டது என்று ஆண்டுக்கு இருமுறை அறிவிப்பதில்தான் ஃபாஷன் வியாபாரம் நடக்கிறது. லாங்கிடம் சாவு அறிவிப்பு இல்லை. அதே ஒடுங்கிய கோட்டு, அதே கால்சட்டை, அதே கையில்லாத பனியன். ஒரு பட்டை கூடும். ஒரு தையல் இடம் மாறும். மெல்லிய துணிக்குக் கீழ் இன்னொன்று தெரியும். மேலங்கியின் உட்புறம் தோள்வார்கள் வைக்கிறார். கழற்றினால் அங்கி முதுகில் தொங்கும். வாரின் இழுப்பில் உடம்பு தன்னை உணர்கிறது. வெளியே அமைதி, உள்ளே இழுவிசை. இது இல்லாத எளிமை வெறும் வறட்சி.

ஆனால் நிராகரிப்பும் சரக்காகிவிடுகிறது. 1998-ல், நியூயார்க்குக்கு மாறிய சமயம், மேடைக் காட்சியை ரத்துசெய்து இணையத்தில் உடைகளை வெளியிட்டார். அதுவே பெரிய செய்தியாயிற்று. 1999-ல் பிராடா அவர் நிறுவனத்தில் 51 சதவீதத்தை வாங்கியது, 2004-ல் மிச்சத்தையும். 2005-ல் அவர் வெளியேறினார். அவர் பெயரில் உடைகள் தொடர்ந்து வருகின்றன. எளிமை பாணியாகிவிட்டால் அதைச் செய்ய அந்த ஆள் தேவையில்லை. வரியைச் சுருக்கினாலே கவிதையாகிவிடும் என்று நம்புகிற நம்மவர்களும் இதை யோசிக்கலாம்.

2010-ல் அவர் ஸ்டூடியோ இருந்த கட்டடத்தில் தீப்பிடித்தது. அதன் பின் தன்னிடமிருந்த ஏறத்தாழ 6000 உடைகளை இயந்திரத்தில் கொடுத்துக் கிழித்து, பிசினோடு சேர்த்துத் தூண்களாக்கி, 2011-ல் காட்சிக்கு வைத்தார். இருபது வருஷம் கழித்துக்கொண்டே வந்தவர் கடைசியில் உடையையே கழித்துவிட்டார். தர்க்கப்படி இது சரியான முடிவு. இருந்தும் எனக்கு அந்தத் தூண்களைவிட அந்தக் கோட்டே பெரிது. கோட்டை ஒருவன் அணிய வேண்டும். அவனுக்குக் குளிரும், அவன் குனிவான், கையைத் தூக்குவான். அந்த நிர்ப்பந்தத்தோடு மோதித்தான் லாங் ஒவ்வொன்றாகக் கழித்தார். தூணுக்கு எதிரே யாரும் இல்லை.